நூல்களுக்கு மூன்று நாள் பனிக்காலம்

"தாத்தா சேர்த்துவைத்த பழைய புத்தகங்களில் ஊசி நுழைகிற மாதிரி ஓட்டைகள். அலமாரியில் மாவுபோல் தூள் கொட்டுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?" என்று சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மருந்தே அடிக்காமல் இந்தப் பூச்சியை ஒழித்த பல்கலைக்கழக நூலகம் ஒன்று உண்டு. அங்கே என்ன செய்தார்கள் என்று சொன்னால் அவருக்குப் பதிலும் கிடைத்துவிடும். எனக்கும் அதைப் பற்றி எழுத வெகுநாளாக ஆசை.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இருக்கிறது யேல் பல்கலைக்கழகம். அதற்குப் பெயர் தந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை நம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர். கம்பெனி வேலையோடு சொந்த வியாபாரமும் செய்து பெரும்பணம் சேர்த்தார். அது பற்றிய புகார்களிலேயே பதவியையும் இழந்தார். 1718இல் ஒரு சிறிய கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும், 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியமும் அனுப்பிவைத்தார். சரக்கு 562 பவுனுக்கு விலைபோயிற்று. கல்லூரி அவர் பெயரை ஏற்றுக்கொண்டது. சரக்கு விற்றால் கணக்கு முடிந்துவிடும். புத்தகம் அப்படியல்ல; வந்து சேர்ந்த நாளில்தான் அதன் கணக்கு தொடங்குகிறது.

இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் அரிய நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் இருக்குமிடம் பைனெக்கே நூலகம். கார்டன் பன்ஷாஃப்ட் வடிவமைத்து 1963இல் திறக்கப்பட்ட கட்டடம். சன்னலே கிடையாது. சுமார் மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள சலவைக்கல் பலகைகளே சுவர். நூல்களைக் கெடுக்கும் வெயிலின் கடுமையைக் கல் வாங்கிக்கொண்டு, மங்கலான வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். நடுவில் ஆறு மாடி உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கோபுரம். அதற்குள் அடுக்கடுக்காகத் தோல் அட்டை நூல்கள். குட்டன்பர்க் அச்சிட்ட விவிலியம் அங்கே இருக்கிறது. இதுவரை யாரும் படித்துப் பொருள் சொல்ல முடியாத வாய்னிச் சுவடியும் அங்கேதான்.

இவ்வளவு காபந்து செய்த இடத்திலும் 1977இல் வண்டு புகுந்துவிட்டது.

மரத்தைத் துளைக்கும் வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. கெடுதல் செய்வது வண்டல்ல, அதன் புழு. அட்டையின் ஓரத்திலோ தாள் இடுக்கிலோ தாய் வண்டு முட்டையிடும். பொரிந்த புழு தாளையும் பசையையும் தின்றுகொண்டே உள்ளுக்குள் சுரங்கம் வெட்டிப் போகும். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் இருட்டிலேயே வளர்ந்து, வண்டாக மாறி வெளியே வரும்போதுதான் அட்டையில் வட்டமாக ஓட்டை விழும். ஓட்டை நம் கண்ணில் படும்போது அதைப் போட்டது போய்விட்டது. கவனிக்க வேண்டியது தூளைத்தான். துடைத்த இடத்தில் மறுபடி தூள் கொட்டினால், உள்ளே இன்னும் புழு இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் காலத்தில் நூலகங்கள் இதற்கு விஷவாயு பிடித்தன. எத்திலீன் ஆக்ஸைடு என்ற வாயுவை மூடிய அறைக்குள் செலுத்தினால் புழு, முட்டை எல்லாம் சாகும். ஆனால் வாயு தாளிலும் தோலிலும் தங்கிவிடும். மனிதர்களுக்குப் புற்றுநோய் தரக்கூடியது. யேலில் பூச்சியியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் ரெமிங்டன் வேறு யோசனை சொன்னார். வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். எந்தக் குளிரில் பூச்சி பிழைக்கும், எதில் சாகும் என்று அறிந்தவர். புத்தகங்களை அப்படியே உறையவைத்துவிடுங்கள் என்றார். நூலகத்தின் கென்னத் நெஷெயிம் அந்த அனுபவத்தை 1984இல் ஓர் ஆய்விதழில் எழுதிவைத்தார். நஞ்சில்லாத யேல் முறை என்று அது உலகமெங்கும் பரவிற்று.

வெப்பநிலை மைனஸ் 36 டிகிரி செல்சியஸ். காலம் மூன்று நாள். கேட்க எளிது, ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது.

முதல் நுட்பம் வேகம். பூச்சியின் உடம்பில் இருக்கும் நீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறைந்துவிடாது. அதற்கும் கீழே பல டிகிரி வரை திரவமாகவே தாக்குப்பிடிக்கும். குளிர் மெல்ல மெல்ல ஏறினால் பல பூச்சிகள் உடம்பில் கிளிசரின் சேர்த்துக்கொண்டு இன்னும் திடமாகிவிடும். குளிர்நாட்டுப் பூச்சிகள் பனிக்காலத்தைத் தாண்டுவது இப்படித்தான். அந்த அவகாசத்தைக் கொடுக்கக்கூடாது. அறை வெப்பத்திலிருந்து நேரே கடுங்குளிருக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போது உடம்புக்குள் பனிக்கட்டி ஊசிகள் உருவாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். முட்டைதான் கடைசிவரை தாங்கும்; மூன்று நாள் கணக்கு அதற்காகத்தான்.

இரண்டாவது, தாளுக்கு ஏன் எதுவும் ஆவதில்லை என்பது. தாளிலும் ஈரம் உண்டு, எடையில் சுமார் நூற்றுக்கு ஏழு பங்கு. ஆனால் அந்த நீர் நார்களோடு ஒட்டியே இருப்பது. தனித்து ஓடும் நீராக இல்லாததால் அது பனிக்கட்டியாகத் திரள்வதில்லை. ஒரே குளிர், பூச்சியைக் கொல்கிறது, தாளை விட்டுவிடுகிறது. இந்தப் பாகுபாடு எந்த மருந்துக்கும் தெரியாது.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, பிளாஸ்டிக் உறை. ஒவ்வொரு நூலையும் உறையில் போட்டு, காற்றை முடிந்தவரை வெளியேற்றி ஒட்டிய பிறகே ஃப்ரீஸருக்குள் வைப்பார்கள். வெளியே எடுத்த பிறகும் உறையைப் பிரிக்காமல், நூல் அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு முழுநாள் காத்திருப்பார்கள். சிறுவயதில் எங்கள் தெருமுனைக் கடையில் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்துவைத்த கலர் பாட்டில் நிமிஷத்தில் வேர்த்து, மேலே ஒட்டிய காகிதம் ஊறி நழுவும். குளிர்ந்த புத்தகத்தின் மேலும் காற்றிலுள்ள ஈரம் அப்படித்தான் படியும். உறை இருந்தால் வேர்வை உறையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். பூச்சியைக் கொல்வது இயந்திரம்; புத்தகத்தைக் காப்பாற்றுவது அந்த உறையும் ஒருநாள் பொறுமையும்.

அதன் பிறகு அந்த நூலகத்தில் புதிதாக வந்து சேரும் நூல்களையும் மூன்று நாள் உறையவைத்தே உள்ளே சேர்ப்பது வழக்கமாயிற்று. என்ன விலை கொடுத்து வாங்கியதானாலும், யார் அன்பளிப்பாகத் தந்ததானாலும், வாசலில் இந்தப் பனிக்காலத்தைக் கழித்தாக வேண்டும்.

அரிய நூல் காப்பாளர் வேலையின் முதல் பாடம் இதில் அடங்கியிருக்கிறது: எதைச் செய்தாலும் அதன் சுவடு நூலில் தங்கக்கூடாது, தங்கினாலும் பின்னால் வருபவர் அதை நீக்க முடிய வேண்டும். வாசிக்கும் அறைக்குள் பென்சில் மட்டும் அனுமதிப்பதும் அதற்காகவே. பழுதுபார்க்க மாவுப்பசையையும் மெல்லிய ஜப்பானியத் தாளையும் எடுப்பதும் அதற்காகவே. தேவைப்பட்டால் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். குளிர் இன்னும் ஒருபடி மேல். வேலையை முடித்துவிட்டுத் தானும் போய்விடுகிறது.

நாம் அன்பினால் செய்யும் காரியங்கள் இதற்கு நேர்மாறாக இருப்பதுதான் எனக்கு வருத்தம். கிழிந்த பக்கத்துக்கு செல்லோடேப் ஒட்டுகிறோம். சில வருடங்களில் டேப் உதிர்ந்துவிடும். அதன் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கி அங்கேயே நின்றுவிடும். தாத்தாவின் பத்திரத்தையும் பழைய நிழற்படத்தையும் லேமினேஷன் செய்து பத்திரப்படுத்திவிட்டதாக நிம்மதி அடைகிறோம். சூட்டில் உருகி ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைப் பழுதில்லாமல் உரித்தெடுக்க வழியே இல்லை என்று சொல்லலாம். அலமாரியில் பூச்சிமருந்துப் பொடியைத் தூவுகிறோம். பிறகு அதே புத்தகத்தைக் குழந்தை கையில் கொடுக்கிறோம்.

வாசகருக்கு என் பதில் இதுதான். மருந்து வேண்டாம். தூள் கொட்டும் புத்தகங்களை மற்றவற்றிலிருந்து உடனே பிரியுங்கள். ஒவ்வொன்றையும் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி நன்றாக மூடுங்கள். வீட்டு ஃப்ரீஸர் மைனஸ் 18 டிகிரி வரைதான் போகும் என்பதால் மூன்று நாள் போதாது. இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பின் ஒருநாள் பையைப் பிரிக்காதீர்கள். பிறகு தூளைத் தூரிகையால் துடைத்து, காற்றோட்டமும் ஈரமில்லாமையும் உள்ள இடத்தில் அடுக்குங்கள். கண்ணாடித் தகட்டு நிழற்படங்களை ஃப்ரீஸரில் வைக்கவே கூடாது. தோல், ஓலை என்றால் தெரிந்தவர்களைக் கேட்காமல் கைவைக்க வேண்டாம். தஞ்சை சரஸ்வதி மகாலில் வசம்பும் கருஞ்சீரகமும் கிராம்பும் சேர்த்துக் கட்டிவைக்கும் பொட்டலத்தை நீங்களும் வைக்கலாம். ஆனால் அது வெளிப்பூச்சியை அண்டவிடாமல் இருக்கத்தான். உள்ளே இருக்கும் புழுவுக்குக் குளிரே மருந்து.

இதே குளிர் வெள்ளத்திலும் உதவும். நனைந்த புத்தகம் நம் ஊர் வெக்கையில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். உடனே உறையவைத்தால் பூஞ்சணம் அப்படியே நின்றுவிடும். அப்புறம் நிதானமாக உலர்த்தலாம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது எத்தனையோ வீடுகளில் ஊறிப்போன புத்தகங்கள் குப்பை வண்டி ஏறின. மீனுக்கும் காய்கறிக்கும் குளிர்பதனக் கிடங்கு இருக்கிற ஊரில் அந்தப் புத்தகங்களில் ஒரு பகுதியையாவது மீட்டிருக்கலாம்.

வீட்டில் வைத்துக் காக்க முடியாதவர்கள், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஒருவராகச் சேர்த்த நூல்களை, 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. ஒரு மனிதரின் சேகரிப்பு இன்று யாருக்கெல்லாமோ பயன்படுகிறது.

நம் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அரிய நூல்கள் என்று எழுதிப் பூட்டிய பீரோக்கள் உண்டு. திருடனிடமிருந்து பூட்டு காப்பாற்றும். புழுவுக்கோ அது தொந்தரவில்லாத வீடு. ஒரு ஃப்ரீஸர் பெட்டி, கொஞ்சம் பிளாஸ்டிக் உறை, மாதம் ஒருமுறை பீரோவைத் திறந்து தூள் கொட்டியிருக்கிறதா என்று பார்க்கும் ஒருவர்: இவ்வளவு இருந்தால் ஒரு கல்லூரியின் நூறாண்டுச் சொத்து பிழைக்கும். பெட்டியை இந்த ஆண்டு நிதியிலேயே வாங்கிவிடலாம். அந்த ஒருவரை நியமிப்பதைத்தான் நிர்வாகங்கள் தள்ளிப்போடுகின்றன. முதலில் அவரை நியமியுங்கள். என்னென்ன வாங்க வேண்டும் என்று அவரே சொல்வார்.