கோடு போட்ட விலை

கேமராவும் நாமும் – 17

திருவனந்தபுரத்தில் தள்ளுபடிக்கு இரண்டு பருவம். ஆவணி பிறந்ததும் ஓணம் ஆஃபர். எம்.ஜி. ரோட்டிலிருந்து சாலை பஜார் வரை கடைக்குக் கடை பேனர் ஏறிவிடும். அடுத்தது நவராத்திரி. பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கோட்டைக்கு எழுந்தருளும் நாட்களை ஒட்டித்தான் ஆன்லைன் தளங்களின் பெரிய விற்பனையும் வருகிறது.

இந்த இரண்டு பருவத்திலும் கேமரா வாங்க நினைப்பவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “இப்பவே வாங்கிடலாமா, இன்னும் குறையுமா?” டெக்னோபார்க்கில் முதல் சம்பளம் வாங்கிய பிள்ளைகளும் கேட்கிறார்கள், கரமனையில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள், விடிகாலையில் புஞ்சக்கரி வயலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களும் கேட்கிறார்கள். சென்ற வாரம் சென்சார் அளவைப் பார்த்தோம். இந்த வாரம் விலையைப் பார்ப்போம்.

நான் சொல்வது இதுதான்: எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த விலையிலிருந்து தள்ளுபடி என்று பாருங்கள்.

உச்சவரம்பு என்பது விலை அல்ல

எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை. அதற்கு மேல் விற்றால் குற்றம். அந்த விலைக்குத்தான் பொருள் விற்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. கேமரா விஷயத்தில் எம்.ஆர்.பி.க்கும் நடப்பு விலைக்கும் இடையே பல சமயம் ஆயிரக்கணக்கில் இடைவெளி இருக்கும். விற்பனை நாளில் திரையில் கோடு போட்டுக் காட்டப்படுவது பெரும்பாலும் அந்த எம்.ஆர்.பி.தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கேமராவின் எம்.ஆர்.பி. 79,995 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடந்த மூன்று மாதங்களாக அது 66,000 ரூபாய்க்குக் கிடைத்து வந்திருக்கிறது. விற்பனை நாளில் 62,990 ரூபாய். திரையில் 21 சதவீதத் தள்ளுபடி என்று வரும். நேற்று வாங்கியிருந்தால் கொடுத்திருக்கும் விலையோடு ஒப்பிட்டால் குறைந்தது 3,010 ரூபாய். ஐந்து சதவீதம்கூட இல்லை. அந்த 3,010 ரூபாயும் நல்ல பணம்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 17,000 ரூபாய் மிச்சம் என்ற எண்ணத்தில், தேவையில்லாத மாடலை அவசரமாக வாங்கிவிடுகிறோமே, நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் தன் முதல் ‘பிக் பில்லியன் டே’யை நடத்தியது. விற்பனைக்கு முன்பே சில பொருள்களின் விலை ஏறியிருந்ததாக வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். விலை மாறியது, சரக்கு தீர்ந்தது, ஆர்டர்கள் ரத்தானது எல்லாம் அந்தக் கடிதத்தில் இருந்தன. விலையின் பழைய வரலாற்றை மக்கள் கவனிக்கிறார்கள் என்று நிறுவனங்களுக்குப் புரிந்த நாள் அது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2022 மே 28 முதல் அங்கே விலைக் குறைப்பை அறிவிக்கும் கடைக்காரர், அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். நமக்கு அந்தக் கணக்கை நாமே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. கீப்பா, பைஹட்கே போன்ற விலை வரலாற்றுக் கருவிகள் பல மாத விலையைக் கோட்டுப்படமாகக் காட்டுகின்றன. அவை வேண்டாம் என்றால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாங்க நினைக்கும் மாடலின் விலையை ஓணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வாரம் ஒருமுறை குறித்து வாருங்கள். நவராத்திரி விற்பனை தொடங்கும்போது, அந்த விலை உண்மையில் குறைந்ததா என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

“இன்னும் 2 மட்டுமே உள்ளது”, “14 நிமிடத்தில் முடியும்” என்று திரை அவசரப்படுத்தும். பொய்யான அவசரத்தை உண்டாக்குவது, 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகளில் தடைசெய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்று. கையில் நோட்டுப் புத்தகம் இருப்பவர் அந்தக் கடிகாரத்துக்குப் பயப்பட மாட்டார்.

முதலில் லென்ஸ், பிறகு பாடி

படத்தின் ஊர் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சக்கரியா டி குரூஸ் திருவிதாங்கூரின் அரண்மனைகளையும் அருவிகளையும் கேமராவில் பதிவுசெய்தார். 1959-ல் சிவன் தன் ஸ்டுடியோவை இங்கேதான் தொடங்கினார். ‘செம்மீன்’ படத்தின் ஸ்டில்கள் அவர் எடுத்தவை. அவர் மகன் சந்தோஷ் சிவனை ‘தளபதி’, ‘ரோஜா’, ‘இருவர்’ வழியாகத் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். 2024-ல் கான் திரைப்பட விழாவில் அவருக்குக் கிடைத்த கௌரவம் பியர் ஆஞ்செனியூவின் பெயரில் வழங்கப்படுவது. ஆஞ்செனியூ பிரான்ஸைச் சேர்ந்த லென்ஸ் தயாரிப்பாளர். ஒளிப்பதிவுக் கலைஞர்களைக் கொண்டாடும் விருது ஒரு லென்ஸ்காரரின் பெயரில் இருப்பது மிகப் பொருத்தம்.

விற்பனைக் காலத்தில் விளம்பரம் எல்லாம் பாடியைச் சுற்றித்தான். ஆனால் பாடி மூன்று நான்கு வருடத்தில் பழையதாகிவிடும். நிக்கான் இசட்6 டூ 2020 அக்டோபரில் வந்தது. இசட்6 த்ரீ 2024 ஜூனில் வந்துவிட்டது. சோனி இசட்வி-இ10 2021 ஜூலையில் வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2024 ஜூலையில். லென்ஸின் ஆயுள் வேறு. கேனானின் இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 இரண்டாம் பதிப்பு 1990-ல் வந்து, 2015-ல்தான் அடுத்த பதிப்புக்கு வழிவிட்டது. கால் நூற்றாண்டு காலம் அது மாணவர்களின் முதல் பிரைம் லென்ஸாக இருந்தது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. பாடியில் உண்மையான தள்ளுபடி வருவது, புதிய மாடல் வந்தபின் பழைய மாடலுக்கு. முந்தைய மாடலின் படத்தரம் ஒரே இரவில் குறைந்துவிடாது. உங்கள் வேலைக்கு அது போதும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். லென்ஸிலோ, நல்ல லென்ஸுக்குக் கிடைக்கும் சிறிய தள்ளுபடிகூட பத்து வருடம் பலன் தரும்.

வெள்ளாயணிக் காயலை ஒட்டிய புஞ்சக்கரிக்கு வாருங்கள். இலைக்கோழியும் ஆலாவும் செந்நாரையும் கரையிலிருந்து நல்ல தூரத்தில் இருக்கும். விற்பனையில் அதிகம் போகும் 18-55, 55-250 இரட்டை லென்ஸ் கிட்டை நம்பி வருபவர்களுக்குப் பறவை சின்னப் புள்ளியாகத்தான் விழுகிறது. அவர்களுக்கு வேண்டியது சிக்மா, டாம்ரான் தயாரிக்கும் 150-600, சோனியின் 200-600, நிக்கானின் 180-600 போன்ற நீள லென்ஸ். இரண்டாவது லென்ஸோடு வரும் கிட்டில் நாலாயிரம் மிச்சப்படுத்தி, ஆறு மாதத்தில் அந்த லென்ஸை அலமாரியில் வைப்பதைவிட, பாடியை மட்டும் வாங்கிக்கொண்டு நீள லென்ஸுக்குக் காசு சேர்ப்பது மேல்.

மவுன்ட்டைக் கட்டாயம் பாருங்கள். அளவுக்கு மீறி விலை குறைந்த லென்ஸுக்குப் பின்னால், வழக்கொழிந்த மவுன்ட் இருக்கலாம். கேனான் 2012-ல் கொண்டுவந்த இஎஃப்-எம் வரிசை 2023-ல் முடிந்துவிட்டது. அந்த லென்ஸ்கள் புதிய ஆர்எஃப் பாடியில் ஏறாது. பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் ஆர்எஃப் பாடியில் நன்றாக வேலை செய்யும். நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸை எஃப்டிஇசட் அடாப்டரில் இசட் பாடிக்கு மாட்டினால் ஆட்டோஃபோகஸ் கிடைக்காது. மலிவாகக் கிடைக்கிறது என்று கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸை அறியாமல் வாங்கிவிடக் கூடாது.

கார்டும் தவணையும்

“வங்கிக் கார்டுக்கு 10 சதவீத உடனடித் தள்ளுபடி” என்ற வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் ஓர் உச்சவரம்பு இருக்கும். அது 1,500 ரூபாய் என்றால், 62,990 ரூபாய் கேமராவில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டரை சதவீதம்கூட இல்லை. உச்சவரம்பைப் படித்துவிட்டுக் கூட்டல் கழித்தல் போடுங்கள்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’யிலும் கணக்கு உண்டு. பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது இதுதான்: வட்டி அளவுக்கு விலையில் கழித்துவிட்டு, அதை வங்கி வட்டியாக வசூலிக்கிறது. 60,000 ரூபாய் கேமராவை ஆறு மாதத் தவணையில், 15 சதவீத ஆண்டு வட்டியில் எடுத்தால் வட்டி ஏறத்தாழ 2,540 ரூபாய். அது விலையில் கழிந்துவிடும். ஆனால் அந்த வட்டியின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 457 ரூபாய், உங்கள் கணக்கில்தான் ஏறும். அதோடு வங்கியின் பிராசஸிங் கட்டணம். மொத்தப் பணத்தையும் உடனே கட்டுபவருக்குத் தனித் தள்ளுபடி இருந்தால், தவணைக்காரர் அதையும் இழக்கிறார். கையில் பணம் இல்லாதபோது தவணை நல்ல வசதி. இலவசம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

பில்லில் இருக்கிறது பாதி மதிப்பு

கேமராவும் லென்ஸும் பழுதுபார்க்கச் செலவு பிடிக்கும் பொருள்கள். அதனால் விற்பவர் யார் என்பதும் விலையில் ஒரு பகுதி. பெரிய தளத்தில் வாங்கினாலும் விற்பவர் வேறொருவராக இருப்பார். அவர் அந்த பிராண்டின் அங்கீகாரம் பெற்ற டீலரா என்று பிராண்டின் இந்திய இணையப் பக்கத்திலோ தொலைபேசியிலோ கேட்டுக்கொள்ளுங்கள். கிரே மார்க்கெட் வழியாக வரும் பெட்டி சில ஆயிரம் குறைவாக இருக்கும். இந்திய வாரன்டி இருக்காது. முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., வாடிக்கையாளர் சேவை விவரம் எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். 2018 ஜனவரி முதல் இந்த விவரங்களில் பெரும்பாலானவற்றை ஆன்லைன் பக்கத்திலும் காட்டியாக வேண்டும் என்பது சட்டம்.

ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்று வழக்கமான முறையில் வரி கட்டுபவர் என்றால், உங்கள் ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேட்டு வாங்குங்கள். டிஜிட்டல் கேமரா மீதான வரி 2019 ஜனவரி 1 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 62,990 ரூபாயில் ஏறத்தாழ 9,609 ரூபாய் வரி. தொழிலுக்காக வாங்கும்போது அதை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். நவராத்திரி வரை காத்திருந்து கிடைக்கும் தள்ளுபடியைவிட இது பெரிய தொகை.

உள்ளூர்க் கடையையும் கேளுங்கள். பண்டிகைக் காலக் குறைப்பு பல சமயம் பிராண்டே கொடுப்பது; அங்கீகாரம் பெற்ற கடைகளுக்கும் அது உண்டு. ஆன்லைன் விலையைக் காட்டி, “இதே விலைக்குத் தர முடியுமா?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஐநூறு, ஆயிரம் கூடினாலும், லென்ஸைக் கையில் வாங்கி, உங்கள் பாடியில் மாட்டி, நாலு படம் எடுத்துப் பார்த்து வாங்கலாம். பிரச்சினை வந்தால் நேரில் போய் நிற்க ஓர் ஆள் இருப்பார்.

பெட்டி வந்ததும்

பெட்டியைப் பிரிப்பதை முதலிலிருந்து கடைசிவரை வீடியோ எடுங்கள். பெட்டியிலும் பாடியிலும் பில்லிலும் உள்ள சீரியல் எண் ஒத்துப்போகிறதா பாருங்கள். இலவசமாக வந்த மெமரி கார்டை முழுக்க நிரப்பி, படங்கள் எல்லாம் திறக்கின்றனவா என்று சோதியுங்கள். போலிக் கார்டு பாதி வழியில் படங்களைத் தின்றுவிடும். லென்ஸில் நான்கு மூலைகளும் ஒரே கூர்மையில் இருக்கின்றனவா என்பதை முதல் நாளே பாருங்கள். மாற்றித்தரும் கெடு பல இடங்களில் ஏழு நாள்தான்.

தகராறு வந்தால் ஒதுங்கிப் போக வேண்டாம். 2020-ன் மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விற்றவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் திருவனந்தபுரத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதியை லென்ஸைக் காப்பதற்கு ஒதுக்குங்கள். ஜூனில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாமழை என்று இரண்டு பருவமழையும் நனைக்கும் ஊர் இது. கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்தால் பொதுவாக வாரன்டி கைகொடுக்காது. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும் ஒரு ட்ரை கேபினட், அதற்கு வசதி இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும், இந்த ஊரில் கேமராவோடு சேர்த்தே வாங்க வேண்டியவை.

ஆகவே விற்பனை தொடங்குவதற்கு முன்பே ஒரு தாளில் மூன்றை எழுதிவையுங்கள்: நான் எடுக்கப்போகும் படம் எது, அதற்கு வேண்டிய லென்ஸ் எது, அதற்கு நான் தரச் சம்மதிக்கும் விலை எவ்வளவு. அந்த விலைக்கு வந்தால் வாங்குங்கள். வராவிட்டால், இருக்கும் கேமராவை எடுத்துக்கொண்டு படம் எடுக்கப் போங்கள். அடுத்த விற்பனை எப்படியும் வரும். அதற்குள் உங்களுக்கு வேண்டிய லென்ஸ் எது என்பது இன்னும் தெளிவாகியிருக்கும்.

(அடுத்த வாரம்: செகண்ட்ஹேண்ட் லென்ஸில் பூஞ்சையைக் கண்டுபிடிப்பது எப்படி?)