ரோமாபுரி புனைந்த கதையா இயேசு?

இயேசு என்று ஒருவர் பிறக்கவே இல்லை. அவருடைய கதையை எழுதியதே ரோமாபுரி அரண்மனைதான் என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்? சிலருக்குக் கோபம் வரும். சிலர் கைதட்டுவார்கள். இரு தரப்பாருமே பெரும்பாலும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு: "அதற்கு என்ன ஆதாரம்?"

கைப்பேசியில் வரும் காணொளிகளின் வழி இந்தப் பேச்சு தோட்டப்புறம் வரை வந்துவிட்டது. கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டம் 1929-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அந்த மலைச் சரிவுகளில் உழைத்த தமிழ்க் குடும்பங்களில் முருகன் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு. லயத்து வீடுகளில் இரு வீட்டாருக்கும் இடையே ஒரு சுவர்தான். தீபாவளி முறுக்கும் கிறிஸ்துமஸ் பலகாரமும் அந்தச் சுவரைத் தாண்டிப் போய் வரும். அப்படிப்பட்ட இடத்தில் 'உங்கள் சாமி ரோமாக்காரன் கட்டிவிட்ட கதை' என்று ஒருவர் சொன்னால், அது வெறும் வரலாற்றுச் செய்தியாக இருக்காது. பக்கத்து வீட்டின் மீது எறிந்த கல்லாகிவிடும். ஆகவே அந்தக் கொள்கை என்ன சொல்கிறது, அது நிற்குமா என்று நிதானமாகப் பார்ப்பது அவசியம்.

மூவர், மூன்று கொள்கைகள்

இது புதிய பேச்சல்ல. ஜெர்மானிய அறிஞர் புரூனோ பவர் 1877-ஆம் ஆண்டிலேயே, கிறிஸ்தவம் பாலஸ்தீனத்தில் பிறந்ததைவிட ரோமாபுரியின் தத்துவச் சிந்தனையில் பிறந்தது என்று சொல்வதே பொருந்தும் என எழுதினார். செனெகா போன்ற ரோமானியச் சிந்தனையாளர்களின் அறநெறியே அதன் ஊற்று என்பது அவர் வாதம்.

1999-இல் பிரான்செஸ்கோ கரோட்டா என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். இயேசு என்பவர் உருமாறிய ஜூலியஸ் சீசரே என்றார். சீசர் வென்ற நாடு காலியா. இயேசு நடமாடிய நாடு கலிலேயா. சீசருக்கு ஒரு புரூட்டஸ்; இயேசுவுக்கு ஒரு யூதாஸ். கொலையுண்ட பின் இருவருமே தெய்வமாக வணங்கப்பட்டார்கள்.

இன்று அதிகம் சுற்றி வருவது மூன்றாவது கொள்கை. அமெரிக்கரான ஜோசப் அட்வில் 2005-இல் வெளியிட்ட நூலில், நற்செய்தி நூல்களை எழுதச் செய்தது பேரரசர் வெஸ்பாசியன், அவர் மகன் டைட்டஸ் ஆகியோரின் அரண்மனையே என்றார். ரோமாபுரியை எதிர்த்துக் கிளர்ந்த யூதர்களை அடக்க, 'பகைவனை நேசி, வரியைக் கட்டு' என்று போதிக்கும் ஒரு சாதுவான மீட்பரை அவர்கள் கற்பனை செய்தார்களாம்.

இதற்கு அவர் காட்டும் சான்று, யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதிய போர் வரலாறு. யூதப் படைத்தலைவராக இருந்து, கி.பி. 67-இல் ரோமானியரிடம் பிடிபட்டு, பின்னர் அவர்களின் ஆதரவிலேயே வாழ்ந்தவர் ஜொசிபஸ். கலிலேயா ஏரிக்கரையில் இயேசு தம் சீடர்களை 'மனிதரைப் பிடிப்பவர்களாக்குவேன்' என்று அழைத்தார். ஜொசிபஸ் எழுதிய போரிலோ, அதே ஏரியில் தத்தளித்த கிளர்ச்சியாளர்களை ரோமானியப் படையினர் பிடித்தும் கொன்றும் தீர்த்தார்கள். இயேசுவோடு சேர்த்து மூவர் சிலுவையில் அறையப்பட்டனர். ஜொசிபஸும் தமக்குத் தெரிந்த மூவரைச் சிலுவையிலிருந்து இறக்கும்படி டைட்டஸிடம் மன்றாடினார். இருவர் இறக்க, ஒருவர் பிழைத்தார். இப்படி அடுக்கிக்கொண்டே போகிறார் அட்வில். கேட்கும்போது மலைப்பாகத்தான் இருக்கும்.

காலக்கணக்கு இடிக்கிறது

வெஸ்பாசியன் அரியணை ஏறியது கி.பி. 69-இல். எருசலேம் ஆலயம் அழிந்தது 70-இல். ஆனால் பவுலின் கடிதங்களோ 50-களில் எழுதப்பட்டவை. கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், எருசலேமுக்குப் போய்ப் பேதுருவையும் இயேசுவின் சகோதரர் யாக்கோபையும் நேரில் சந்தித்ததாகப் பவுல் குறிப்பிடுகிறார்.

அடுத்த சான்று கிறிஸ்தவர்களை அறவே விரும்பாத ஒருவரிடமிருந்து வருகிறது. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், கி.பி. 64-இல் ரோமாபுரி தீப்பற்றி எரிந்தபோது நீரோ மன்னன் அந்தப் பழியைக் கிறிஸ்தவர்கள் மீது போட்டு வதைத்தான் என்று எழுதுகிறார். அவர்களின் தலைவர் திபேரியு காலத்தில் பொந்தியு பிலாத்துவால் தண்டிக்கப்பட்டவர் என்றும் சொல்கிறார். வெஸ்பாசியன் பேரரசராவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே தலைநகரில் வதைபட்ட ஒரு கூட்டத்தை அந்த வெஸ்பாசியன் எப்படிக் கற்பனையில் படைத்திருக்க முடியும்?

நோக்கத்தையும் பாருங்கள். ரோமாபுரி தன் நன்மைக்காகக் கதை எழுதினால், ஒரு குற்றமற்ற மனிதரை ரோமானிய ஆளுநரே சிலுவைக்கு அனுப்பினார் என்றா எழுதும்? கி.பி. 112-ஆம் ஆண்டு வாக்கில் பிளினி என்ற ஆளுநர், இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டுப் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். அரண்மனை உருவாக்கிய மதமாக இருந்தால், அதை எப்படி நடத்துவது என்று அரண்மனையின் ஆளுநருக்கே தெரியாமல் போயிருக்குமா?

இயேசு ஒரு வரலாற்று மனிதர்தானா என்று ஐயுறும் ரிச்சர்ட் கேரியர் என்ற ஆய்வாளரே அட்வில்லின் கொள்கையை மறுத்து எழுதியிருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது. நம்பிக்கையாளர்கள் மட்டும் இதை எதிர்க்கவில்லை.

அப்படியென்றால் ரோமின் சாயலே இல்லையா?

உண்டு. கி.மு. 9-ஐச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இன்றைய துருக்கியில் உள்ள பிரியேனே என்ற ஊரில் கிடைத்தது. பேரரசர் அகஸ்டஸ் பிறந்த நாளே உலகுக்கு 'நற்செய்தி'யின் தொடக்கம் என்கிறது அது. மாற்கு தன் நூலைத் தொடங்கப் பயன்படுத்துவதும் அதே கிரேக்கச் சொல்தான். 'தேவகுமாரன்', 'இரட்சகர்' என்பவையும் பேரரசருக்குச் சூட்டப்பட்ட பட்டங்களே.

இதற்கான சான்று தமிழ் மண்ணிலேயே புதைந்து கிடந்தது. மிளகும் முத்தும் வாங்க வந்த யவன வணிகர்கள் கொண்டுவந்த ரோமானிய நாணயங்கள் கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றில் திபேரியுவின் வெள்ளிக்காசு ஒன்று. 'தெய்வமாகிய அகஸ்டஸின் மகன்' என்று அதில் பொறித்திருக்கும். 'சீசருக்குரியதைச் சீசருக்குக் கொடுங்கள்' என்று இயேசு சொன்னபோது கையில் காட்டப்பட்ட காசு இந்த வகைதான் என்று காலங்காலமாகக் கருதப்படுகிறது.

ஆக, ஆதிக் கிறிஸ்தவர்கள் ரோமாபுரியின் சொற்களை எடுத்துக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் எதற்காக எடுத்தார்கள்? தேவகுமாரன் அரண்மனையில் இல்லை, அரசு தூக்கிலிட்ட ஒரு தச்சரே தேவகுமாரன் என்று சொல்வதற்காக! அரசின் சொல்லை அரசுக்கு எதிராகவே திருப்பினார்கள். சொல்லைக் கடன் வாங்குவது வேறு. கதையையே அரண்மனை எழுதிக் கொடுத்தது என்பது வேறு.

'கடை'யும் 'டுவா'வும்

ஒற்றுமையை எப்படி எடைபோடுவது? இதற்கு மலேசியத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த ஓர் உதாரணம் உண்டு. மலாய்க்காரர்கள் கடையைக் 'கெடாய்' என்கிறார்கள்; கப்பலைக் 'கப்பால்' என்கிறார்கள். இவை தமிழிலிருந்து போன சொற்கள். தமிழ் வணிகர்கள் இந்தக் கரைக்கு வந்து போனதற்கு வேறு சான்றுகளும் இருக்கின்றன. கொண்டு வந்த வழி தெரிகிறது.

இப்போது 'டுவா' என்ற சொல்லைப் பாருங்கள். இரண்டுக்கு மலாயில் 'டுவா', இந்தியில் 'தோ', வடமொழியில் 'த்வி'. வடமொழியிலிருந்து வந்தது என்று சத்தியம் செய்யத் தோன்றும். ஆனால் மலாயின் உறவு மொழிகளான நியூசிலாந்து மவோரியில் 'ருவா', ஹவாய் மொழியில் 'லுவா'. பசிபிக் கடலின் அந்தக் கோடித் தீவுகளுக்கு வடமொழி போனதில்லை. 'டுவா' அந்தக் குடும்பத்தின் சொந்தச் சொத்து. வடமொழியோடு ஒத்திருப்பது தற்செயல். வழி இல்லாத இடத்தில் வெறும் ஒலி ஒற்றுமை எதையும் நிரூபிக்காது. 'காலியா – கலிலேயா' இந்த வகைதான். கலிலேயா என்ற பெயர் சீசர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எபிரேய நூல்களில் இருக்கிறது.

இதே கத்தி குறளையும் வெட்டும்

இது கிறிஸ்தவர்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே முறையைத் திருக்குறள் மீதும் பிரயோகித்திருக்கிறார்கள். 1886-இல் குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட ஜி.யு. போப், மயிலாப்பூரில் கிறிஸ்தவ போதகர்களிடம் வள்ளுவர் மலைப்பொழிவைக் கேட்டறிந்திருக்கலாம் என்று கருதினார். 1960-களின் இறுதியிலிருந்து மு. தெய்வநாயகம் வள்ளுவர் கிறிஸ்தவரே என்று வாதிட்டு எழுதலானார். காட்டிய சான்று என்ன? தீமை செய்தவருக்கும் நன்மை செய் என்று இரண்டு நூல்களும் சொல்கின்றன. அதாவது, ஒற்றுமை!

தமிழறிஞர்கள் இதை மறுத்தார்கள். எப்படி மறுத்தார்கள் என்பதுதான் முக்கியம். ஒத்துப்போகாதவற்றை எடுத்துக் காட்டினார்கள். குறள் எழுபிறப்பைப் பேசுகிறது. இந்திரனையும் திருமகளையும் குறிப்பிடுகிறது. புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிறது. நற்செய்தியில் இயேசு பசித்த மக்களுக்கு மீனைப் பகிர்ந்து கொடுக்கிறார். காமத்துப்பாலோ சங்க அகப்பாடல்களின் நேர் வாரிசு. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒத்து வரும் வரிகளை மட்டும் பொறுக்கினால், எந்த நூலையும் எந்த நூலின் நகல் என்றும் காட்டிவிடலாம்.

அப்படியானால், குறளுக்காக நாம் சொல்லும் இந்த நியாயத்தை நற்செய்திக்கு மட்டும் மறுக்கலாமா?

ஏன் இத்தனை ஈர்ப்பு?

வெற்றிடம் இருக்கும் இடத்தில் கதை முளைக்கும். கேமரன் மலையே இதற்குச் சாட்சி. தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் உலகப் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறன்று, தானா ராத்தா அருகே தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடந்து போனார். திரும்பவே இல்லை. காவல் துறையினரும் ஓராங் அஸ்லி மக்களும் காடெல்லாம் தேடியும் பயனில்லை. முன்பு உளவுத் துறையில் இருந்தவர் என்பதால் கடத்தல் என்றார்கள். புலி அடித்தது என்றார்கள். தாமாகவே மறைந்தார் என்றார்கள். ஒவ்வொரு கதையும் கேட்கச் சுவையானது. சுவையாக இருப்பதால் மட்டும் எதுவும் உண்மையாகிவிடவில்லை. இயேசுவின் காலத்தைப் பற்றி நம்மிடம் உள்ள ஏடுகள் மிகக் குறைவு. இடைவெளிகள் அதிகம். அந்த இடைவெளிகளில்தான் இத்தகைய கொள்கைகள் குடியேறுகின்றன.

இயேசு உயிர்த்தெழுந்தாரா என்பது நம்பிக்கை சார்ந்தது. வரலாற்று ஆய்வு அதற்குத் தீர்ப்பளிக்காது. ஆனால், அவர் கதையை யார் எழுதினார்கள் என்பது வரலாற்றுக் கேள்வி. அதைக் கேட்பதில் தவறில்லை. கேட்பவர்கள் நான்கைச் சரிபார்க்க வேண்டும். எது முந்தியது, எது பிந்தியது? ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வழி இருந்ததா? ஒத்துப்போகாதவற்றையும் அந்த ஆசிரியர் சொன்னாரா, மறைத்தாரா? எழுதியதாகச் சொல்லப்படுபவருக்கு அதனால் என்ன லாபம்?

அடுத்த முறை அப்படியொரு காணொளி வந்தால், பிறருக்கு அனுப்புமுன் இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள். அது பைபிளைப் பற்றியதாக இருந்தாலும் சரி, குறளைப் பற்றியதாக இருந்தாலும் சரி. பக்கத்து வீட்டு வேதத்துக்கு ஒரு படி, நம் வீட்டு நூலுக்கு வேறொரு படி என்று அளந்தால், அந்த அளவை யாரும் நம்பமாட்டார்கள்.