கற்றது எங்கே தங்குகிறது?

கற்பது என்பது உடலில் நிகழும் மாற்றம். சைக்கிள் ஓட்டப் பழகிவிட்ட சிறுமியின் மூளை, பழகுவதற்கு முன் இருந்தபடியே இருப்பதில்லை. நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளில் சில வலுத்திருக்கும், சில தளர்ந்திருக்கும், சில புதிதாக முளைத்திருக்கும். அனுபவத்தால் நடத்தை மாறுவது பெரும்பாலும் இந்த இணைப்புகளின் வழியேதான். அது நிகழும் விதத்தை 20ஆம் நூற்றாண்டின் நரம்பியல் படிப்படியாகக் கண்டறிந்தது.

நரம்பணுவின் மொழி

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ளது. உடல் எடையில் அது சுமார் 2 சதவீதம்தான். ஆனாலும் ஓய்வில் இருக்கும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை மூளையே எடுத்துக்கொள்கிறது. அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் செய்தியை வாங்கும் கிளைகளும், செய்தியை வெளியே அனுப்பும் ஆக்ஸான் என்ற நீண்ட இழையும் இருக்கின்றன.

இந்த அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிய வலையாக இருப்பதாகவே 19ஆம் நூற்றாண்டில் பலரும் நம்பினர். இத்தாலியின் கமிலோ கோல்ஜி உருவாக்கிய வெள்ளிச் சாய முறையைக் கையாண்ட ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் இ கஹால், ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி அணு என்று நிறுவினார். இருவரும் 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கோல்ஜி மட்டும் தம் வலைக் கொள்கையைக் கைவிடவில்லை. 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி கஹாலின் பக்கம் தீர்ப்பளித்தது: இரு நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸில், ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறாக்கினால் வரும் ஒரு கூறு அளவுக்கு இடைவெளி இருந்தது.

நரம்பணுவுக்குள் செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது. ஓய்வில் இருக்கும் அணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தம் கொண்டது. தூண்டல் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், அணுச்சவ்வின் வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்த மாற்றம் ஆக்ஸான் நெடுக ஓடுகிறது. ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ஊசிக்கணவாயின் தடித்த ஆக்ஸானில் இதை அளந்து 1952இல் கணித விளக்கம் தந்தனர். தூண்டல் பலமாக இருந்தாலும் துடிப்பின் அளவு கூடுவதில்லை. ஒரு நொடியில் எழும் துடிப்புகளின் எண்ணிக்கைதான் கூடுகிறது.

மின்துடிப்பு சினாப்ஸை எட்டியதும் வேதிப்பொருள் அதன் பணியை ஏற்கிறது. ஆஸ்திரியாவின் ஓட்டோ லோவி 1921இல் இதற்குச் சான்று காட்டினார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் மூழ்கியிருந்த திரவத்தை இன்னொரு இதயத்தில் செலுத்தினார். நரம்பு தூண்டப்படாத அந்த இரண்டாம் இதயமும் மெதுவாகத் துடித்தது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் உறுதியானது. இத்தகைய வேதிப்பொருள்களில் குளுட்டமேட் போன்றவை அடுத்த அணுவைத் தூண்டுகின்றன, காபா போன்றவை அடக்குகின்றன. ஆயிரக்கணக்கான இணைப்புகளிலிருந்து வரும் தூண்டலையும் அடக்கலையும் கூட்டிப் பார்த்தே ஒரு நரம்பணு தன் துடிப்பை எழுப்புகிறது. ஆகவே ஓர் இணைப்பின் வலிமை மாறினால் நடத்தையும் மாறக்கூடும்.

நினைவு ஒன்றல்ல, பல

நினைவு மூளையில் எங்கே உருவாகிறது என்ற கேள்விக்கு முக்கியமான விடை ஒரு நோயாளியிடமிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் ஹென்றி மொலைசன் கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்டவர். 1953இல், அவருக்கு 27 வயதானபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவரது மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியையும் அதைச் சூழ்ந்த சில பகுதிகளையும் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் நிறுத்தும் திறன் போய்விட்டது. இளமைக்கால நினைவுகளும் அறிவுத்திறனும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. எண்களைச் சில நொடிகள் மனதில் வைத்துச் சொல்லவும் முடிந்தது. கவனம் வேறு பக்கம் திரும்பினால் எல்லாம் மறைந்துவிடும்.

மான்ட்ரியாலைச் சேர்ந்த பிரெண்டா மில்னர் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒரு சோதனையில், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவத்தின் மேல் கோடு வரையச் சொன்னார். மூன்று நாள் பயிற்சியில் மொலைசனின் தவறுகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அந்தச் சோதனையை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. கை கற்றிருந்ததை அவர் அறியவில்லை.

இதிலிருந்து நினைவுக்குப் பல அமைப்புகள் உண்டு என்பது தெளிவானது. நிகழ்ச்சிகளும் தகவல்களும் பதிய ஹிப்போகாம்பஸ் வேண்டும். திறன்களும் பழக்கங்களும் மூளையின் பேசல் கேங்லியா, சிறுமூளை ஆகிய பகுதிகளைச் சார்ந்தவை. அச்சத்தோடு பிணைந்த கற்றலில் அமிக்டலா என்ற பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு. 2008இல் மொலைசன் இறக்கும்வரை ‘எச்.எம்.’ என்ற எழுத்துகளால் மட்டுமே உலகம் அவரை அறிந்திருந்தது. நினைவைப் பற்றிய இன்றைய அறிவியல் அவருக்குப் பெரிதும் கடன்பட்டது.

கடல் முயல் காட்டிய வழி

நினைவு பதியும்போது ஒரு நரம்பணுவுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய எளிய விலங்கு தேவைப்பட்டது. நரம்பியல் ஆய்வாளர் எரிக் கேண்டல் தேர்ந்தெடுத்தது அப்ளிசியா என்ற கடல் முயலை. ஓடு வெளியே தெரியாத, நத்தை இனத்தைச் சேர்ந்த அந்த உயிரிக்குச் சுமார் 20,000 நரம்பணுக்கள்தான் உண்டு. சில வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை.

அதன் தோலை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். தீங்கில்லாத தொடுதல் தொடர்ந்தால் பழகிப்போய், இழுப்பது குறையும். வாலில் மின்னதிர்ச்சி கொடுத்தாலோ, அதன்பின் மெல்லத் தொட்டாலும் வேகமாக உள்ளிழுக்கும். ஒரே அதிர்ச்சியின் நினைவு சில நிமிடங்களே நீடிக்கும். இடைவெளிவிட்டுப் பலமுறை கொடுத்தால் நாள்கணக்கில் நீடிக்கும்.

குறுகிய கால நினைவில் புதிதாக எதுவும் கட்டப்படுவதில்லை. அதிர்ச்சியால் வெளிப்படும் செரடோனின் என்ற வேதிப்பொருள், தொடு உணர்வு அணுவின் முனையில் உள்ள ஒரு நொதியைச் செயல்பட வைக்கிறது. அந்த முனை வழக்கத்தைவிடக் கூடுதலான குளுட்டமேட்டைச் சுரக்கிறது. தூண்டல் மீண்டும் மீண்டும் வரும்போது அந்த நொதி அணுக்கருவுக்குள் நுழைந்து, கிரெப் என்ற புரதத்தின் துணையோடு சில மரபணுக்களை இயக்குகிறது. புதிய புரதங்கள் உருவாகி, புதிய இணைப்புகள் வளர்கின்றன. நீண்டகாலப் பயிற்சிக்குப் பின் ஓர் உணர்வு அணுவின் இணைப்பு முனைகள் ஏறத்தாழ 1,300இலிருந்து 2,700ஆகப் பெருகியதை ஆய்வாளர்கள் எண்ணிக் கண்டனர். பிறப்போடு வந்த மரபணுக்களை அனுபவம் இயக்கவும் நிறுத்தவும் செய்கிறது என்ற இந்த உண்மை, பிறவிக் குணமா வளர்ப்பா என்ற பழைய வாதத்தின் அடித்தளத்தையே மாற்றியது. கேண்டல் 2000இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒருசேரத் துடிக்கும் அணுக்கள்

ஓர் அணு இன்னோர் அணுவைத் தொடர்ந்து துடிக்கச் செய்தால் அவற்றின் இணைப்பு வலுப்பெறும் என்று கனடாவின் டொனால்ட் ஹெப் 1949இல் முன்மொழிந்தார். 1973இல் டிம் பிளிஸும் தேர்யே லோமோவும் முயலின் ஹிப்போகாம்பஸில் இதற்கு ஆதாரம் கண்டனர். விரைவான மின்தூண்டலுக்குப் பின் இணைப்புகள் மணிக்கணக்கில் வலுவாக இருந்தன.

அந்த வலுவூட்டலுக்கு என்எம்டிஏ என்ற ஏற்பி முக்கியமானது. அதன் வழியை மெக்னீசியம் அயனி அடைத்திருக்கும். குளுட்டமேட் வந்து பற்றுவதும் வாங்கும் அணு ஏற்கெனவே தூண்டப்பட்டிருப்பதும் ஒருசேர நிகழ்ந்தால்தான் வழி திறந்து கால்சியம் உள்ளே செல்லும். இரண்டு நிகழ்வுகள் ஒன்றுகூடியதை ஒரு மூலக்கூறு இவ்வாறு அறிகிறது. அந்த ஏற்பியை மருந்தால் தடுத்த எலிகள், நீருக்கடியில் மறைந்த மேடை இருக்கும் இடத்தைக் கற்கத் தடுமாறின என்று ரிச்சர்ட் மோரிஸ் 1986இல் காட்டினார்.

எதைக் கற்பது பயனுள்ளது என்பதை அறிவிப்பதில் டோபமின் என்ற வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு. குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து ஆராய்ந்த வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ், எதிர்பாராத பரிசுக்கு டோபமின் அணுக்கள் வேகமாகத் துடிப்பதையும், எதிர்பார்த்த பரிசு வராதபோது துடிப்பு தணிவதையும் கண்டார். எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை அவை தெரிவிக்கின்றன.

பயிற்சியும் மறதியும்

வளர்ந்த மூளையும் மாறும். லண்டன் தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் டாக்ஸி ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்ததை எலனோர் மகுவைர் குழுவினர் 2000இல் வெளியிட்டனர். பயிற்சியில் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த பிந்தைய ஆய்வில், தேர்ச்சி பெற்றவர்களிடம் மட்டுமே இந்த வளர்ச்சி தெரிந்தது. ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளிவிட்டுப் படிப்பது நிலைப்பதற்கும், தூக்கம் நினைவை உறுதிப்படுத்துவதற்கும் இணைப்புகளைக் கட்டும் இந்த உயிரியலில் விளக்கம் இருக்கிறது. விழித்திருக்கும்போது எலி நடந்த வழியில் துடித்த ஹிப்போகாம்பஸ் அணுக்கள், அது தூங்கும்போது மீண்டும் சேர்ந்து துடிக்கின்றன.

கற்றதை விடுவதும் ஒரு கற்றலே. மணியோசைக்குப் பின் அதிர்ச்சி வரும் என்று அஞ்சப் பழகிய விலங்குக்கு, அதிர்ச்சியில்லாமல் ஓசையை மட்டும் பலமுறை கேட்கச் செய்தால் அச்சம் அடங்கும். ஆனால் பழைய நினைவு பெரும்பாலும் அழிவதில்லை. மூளையின் முன்பகுதி, அமிக்டலாவின் செயலை அடக்கப் புதிதாகக் கற்றுக்கொள்கிறது. நாள்கள் கழிந்தாலோ இடம் மாறினாலோ அச்சம் திரும்பலாம். அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளச் செய்யும் உளவியல் சிகிச்சை இந்த அறிவின் மேல் அமைந்தது. அதனால்தான் அது ஒரு தடவையோடு முடிவதில்லை. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு சூழல்களில், போதிய இடைவெளியோடு திரும்பத் திரும்பச் செய்யும்போதே பாதுகாப்பைப் பற்றிய புதிய நினைவு பழைய அச்சத்தை மீறும் அளவுக்கு வலுப்பெறுகிறது.