தண்ணீரும் தீர்மானமும் – 9: ஐந்து காசு அபராதம்

கிராமத்துக் குடிநீரைப் பற்றி ஊர் கூடி முடிவு செய்யும் இடம் கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள். ஆண்டுக்கு நான்காக இருந்த சபை நாள்கள் 2022 முதல் ஆறாயின. புதிதாகச் சேர்ந்தவை மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும்.

சபை செல்லுபடியாக ஆள் கணக்கு உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். இந்தக் கணக்குக்குச் சாட்சி, கையெழுத்தும் கைநாட்டும் விழுந்த வருகைப் பதிவேடு. பெரும்பாலும் தீர்மானத்தை வாசித்ததும் கை தூக்குவதோ, “சரி” என்பதோதான் வாக்கு. “முடியாது” என்று சொல்பவர் எழுந்து நின்று சொல்ல வேண்டியிருக்கும்.

அப்படி “முடியாது” என்பவரை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சிற்றாற்றின் கடைமடையில் ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழைய விடை ஒன்று இருக்கிறது. குற்றாலம் மலையில் பிறக்கும் சிற்றாற்றின் தண்ணீர் கால்வாய் வழியாகப் போய்ச் சேரும் பெரிய குளங்களில் ஒன்று மானூர்க் குளம். அவ்வூர்ச் சிவன் கோயிலில் உள்ள கல்வெட்டு, பாண்டியன் மாறஞ்சடையனின் 35-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 800-இல், பிராமணர் சபை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட விதிகளைச் சொல்கிறது. குடவோலைத் தேர்தல் என்றதும் எல்லாரும் ஓடும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இதற்கு நூறாண்டுக்கும் மேல் இளையவை.

மானூரில் சபையேற நிலப்பங்கு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும். கால், அரை, முக்கால் பங்கு வைத்திருப்பவருக்கு வாரியம் எனும் நிர்வாகக் குழுவில் இடமில்லை. பெண்களும் பிற சாதியாரும் கணக்கிலேயே இல்லை. ஆகவே இதை மக்களாட்சி என்று கொண்டாடுவதற்கில்லை. ஆனாலும் கடைசி விதி வேறெங்கும் எளிதில் கிடைக்காதது. எந்தக் காரியம் வந்தாலும் “அன்று, அன்று” என்று, அதாவது “இல்லை, இல்லை” என்று சொல்லியே சபையை முடக்குகிறவருக்கு ஐந்து காசு தண்டம். அவருக்குத் துணை நிற்பவருக்கும் அதே ஐந்து காசு. இந்த முட்டுக்கட்டைக்குக் கல்வெட்டு தரும் பெயர் ‘குத்துக்கால்’. தண்டம் கட்டியபின் அவரும் மற்றவரைப்போல் அதே விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டியதுதான். மாற்றுக் கருத்துக்கும் முட்டுக்கட்டைக்கும் இடையே கோடு கிழிக்க முயன்ற சபை அது. இன்றைய கிராம சபை விதிகளில் இப்படி ஒரு தண்டம் கிடையாது.

நிலம் வைத்திருப்பவருக்கே வாக்கு என்ற பழைய முறை பாசனத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது. சிற்றாற்றில் 17 அணைக்கட்டுகள். பாசனப் பரப்பு சுமார் 8,900 ஹெக்டேர். தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், 2000, நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தல் வைக்கிறது. தலைவரையும் ஆட்சி மண்டலத் தொகுதி உறுப்பினர்களையும் தேர்ந்தெடுப்பவர்கள் ஆயக்கட்டு நில உரிமையாளர்கள். ஆக, ஒரே ஊரில் குழாய்த் தண்ணீருக்கு வாக்கு ஆளைப் பார்த்து. வாய்க்கால் தண்ணீருக்கு வாக்கு பட்டாவைப் பார்த்து. களை பறிக்கும் கூலிப் பெண்ணுக்கு முதல் வாக்கு உண்டு, இரண்டாவது இல்லை.

இரண்டு வாக்குக்கும் மேலே அரசின் கை இருக்கிறது. சங்கத்தை வகுப்பதும் தேர்தலை நடத்துவதும் அரசு. ஊராட்சித் தீர்மானம் சட்டப்படி நிறைவேறவில்லை, அதிகாரத்தை மீறியது, உயிருக்கோ சுகாதாரத்துக்கோ ஆபத்து விளைவிக்கும் என்று கண்டால், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 202-ஆம் பிரிவின்கீழ் ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியர் அதை நிறுத்தலாம், ரத்தும் செய்யலாம். முதல் இரண்டு காரணங்களுக்கு மட்டும் ஊராட்சியிடம் விளக்கம் கேட்ட பிறகே செய்ய வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் தண்ணீரே குடிநீர் வடிகால் வாரியத்தின் குழாயில் வருகிறது. எத்தனை லிட்டர் வரும் என்பதைச் சபை கேட்கலாம், தீர்மானிக்க முடியாது. மானூர்ச் சபை தன் விதியைத் தானே எழுதிக்கொண்டது. இன்றைய சபைக்கு விதி சென்னையிலிருந்து வருகிறது.

இந்த வாரத்துக்கு என்று சொல்லி வைத்திருந்தது குற்றாலத்தின் கழிவுநீர். அந்த இடத்தை ஐந்து காசு எடுத்துக்கொண்டுவிட்டது. குற்றாலம் பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை இல்லை. வார்டு கவுன்சிலர்கள் உண்டு. சாரல் சீசனில் அருவிக்கு வந்து குளித்து, அறை எடுத்துத் தங்கி, கழிவுநீரை விட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த வார்டுப் பட்டியலிலும் இல்லை. வாக்கில்லாதவர் விடும் தண்ணீருக்கு யார் பொறுப்பு என்பது அடுத்த வாரம்.