ராம்மோகன் வெட்டி எடுத்த வேதாகமம்

1820-ல் கல்கத்தாவில் அச்சான ஒரு புத்தகம் பாதிரியார்களைத் தூங்கவிடாமல் செய்தது.

தொகுத்தவர் வங்காளச் சீர்திருத்தவாதி ராம்மோகன் ராய். நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் மலைப்பிரசங்கம், உவமைகள், அறிவுரைகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். இயேசு கன்னியிடம் பிறந்தது, உயிர்த்தெழுந்தது எதுவும் அதில் இல்லை. அற்புதங்களையும் பெரும்பாலும் விட்டுவிட்டார். இதைவிடப் பெரிய அற்புதக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் மக்கள், அவர்களிடம் இவை எடுபடாது என்பது அவர் வாதம். வேடிக்கை பாருங்கள், அதே காலத்தில் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜெபர்சனும் பைபிளைக் கத்தியால் வெட்டி, வேண்டியதை மட்டும் ஒட்டிவைத்துக்கொண்டிருந்தார். அவர் அதை வெளியிடவில்லை. ராம்மோகன் துணிந்து அச்சுக்குக் கொடுத்தார்.

செராம்பூர் பாப்டிஸ்ட் மிஷனரிகள் கொதித்தார்கள். கிறிஸ்துவின் பலியை நீக்கிவிட்டால் பாவிக்கு மீட்பு ஏது என்று கேட்டார் ஜோஷுவா மார்ஷ்மன். விசுவாசியின் இடத்தில் நின்று பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் தொகுத்தவரைப் 'புறமதத்தான்' என்று அவர்கள் பத்திரிகை எழுதியது அநாகரிகம். ராம்மோகன் எபிரேயம், கிரேக்கம் வரை போய் மூன்று மறுப்பு நூல்கள் எழுதினார். மூன்றாவதை அச்சிட பாப்டிஸ்ட் அச்சகம் மறுத்தது. சொந்த அச்சகம் வைத்து 1823-ல் வெளியிட்டார். இதற்கிடையில், அவரோடு பழகிய வில்லியம் ஆடம் என்ற பாப்டிஸ்ட் மிஷனரியே திரித்துவத்தைக் கைவிட்டார். அவர் பெயரை வைத்து 'மறுபடி விழுந்த ஆதாம்' என்று சக வெள்ளைக்காரர்கள் கேலி செய்தார்கள்.

எழுபது ஆண்டுகள் கழித்து இன்னொரு வங்காளி நேர் எதிர்த்திசையில் போனார். 1891-ல் ஞானஸ்நானம் பெற்றுக் கத்தோலிக்கரான பிரம்மபாந்தவ் உபாத்யாய் எதையும் வெட்டவில்லை. காவி கட்டி, மார்பில் சிலுவை அணிந்து, திரித்துவத்தைச் சச்சிதானந்தம் என்று வேதாந்த வழியில் விளக்கி, சமஸ்கிருதத்தில் துதிப்பாடலும் எழுதினார். திருச்சபை அவர் நடத்திய இதழைக் கத்தோலிக்கர் படிக்கக் கூடாது என்றது. பிரிட்டிஷ் அரசு ராஜதுரோக வழக்குப் போட்டது. வழக்கு முடியுமுன் 1907-ல் இறந்தார். இந்து முறைப்படி எரித்தார்கள்.

என் கணக்கில், ராம்மோகனுடையது கூர்மையான வாசிப்பு. ஆனால் அது படித்தவர்களின் விவாதமாகவே நின்றுபோனது. உபாத்யாயின் வாசிப்புக்குத்தான் வழிபடும் மனிதர்கள் கிடைத்தார்கள். 1950-ல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் தொடங்கிய ஆசிரமத்துக்குப் பெயரே சச்சிதானந்த ஆசிரமம். சாந்திவனம் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோரும் வழி காட்டுவார்கள். திருச்சிப் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.