கடலோரத்தில் தூண்டில் போடுவோர்க்கு ஏற்ற உடையும் வெயில் காப்பும்

ஞாயிற்றுக்கிழமையோ பொது விடுமுறையோ வந்தால், தோட்டப்புறக் குடும்பங்கள் பல தூண்டிலையும் சோற்றுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் புறப்படுவது வழக்கம். சிலாங்கூரில் இருப்பவர்கள் மோரிப்புக்கும் பாகான் லாலாங்குக்கும் போகிறார்கள். நெகிரி செம்பிலானில் இருப்பவர்களுக்குப் போர்ட்டிக்சன் இருக்கிறது. பேராக்கில் இருப்பவர்களுக்கு லூமுட்டும் பாகான் டத்தோவும் இருக்கின்றன. செலவு குறைவு, பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம், இரவுக் குழம்புக்கு மீன் கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால், திங்கட்கிழமை காலையில் தலைவலியும் தோல் எரிச்சலுமாகப் பெரட்டுக்கு எழுந்திருக்க முடியாமற்போனால், ஒரு நாள் மகிழ்ச்சிக்கு ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்தவர்களாகிறோம். சிறு பிள்ளை வெயிலில் மயங்கி விழுந்துவிட்டால், அந்த இழப்பைச் சம்பளக் கணக்கில் எழுத முடியாது. ஆகவே, தூண்டில் போடப் போகும்போது என்ன உடுத்த வேண்டும், வெயிலிலிருந்து எப்படித் தப்ப வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

"வெயில் நமக்குப் புதிதா? நாள்தோறும் வெளியில் வேலை செய்கிறவர்கள்தானே நாம்" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பால்மரக் காட்டில் தலைக்கு மேலே இலைக் கூரை இருக்கிறது. வளர்ந்த செம்பனைக்கு அடியிலும் மட்டைகளின் நிழல் உண்டு. கடற்கரையில் அந்த நிழல் இல்லை. மேலிருந்து விழும் வெயில் போதாதென்று, மணலும் அலை நுரையும் கதிரைத் திருப்பி முகத்தில் அடிக்கின்றன. காய்ந்த மணல் நூற்றுக்குப் பதினைந்து பங்கும், அலை நுரை இருபத்தைந்து பங்கும் திருப்பி அனுப்பக்கூடும். குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கும் முகம் கறுத்துப்போவது இதனால்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோலையும் கண்ணையும் கெடுப்பது புற ஊதாக் கதிர். அதற்குச் சூடு கிடையாது. ஆகையால் அது படுவது நமக்குத் தெரியாது. கடல்காற்று வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர்விக்கும்போது, வெயிலே இல்லாததுபோல் தோன்றும். மெல்லிய மேகம் இருந்தாலும் இந்தக் கதிரில் பெரும்பகுதி கீழே வந்துவிடுகிறது. நமது கறுத்த தோலுக்கு இயற்கையிலேயே ஓரளவு பாதுகாப்பு உண்டு என்பது உண்மை. ஆனால், கண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வெப்ப மயக்கமும் நிறம் பார்த்து வருவதில்லை. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் வெயில் காயம் நம் தோலில் அப்படித் தெரியாது. தொட்டால் சூடும் வலியும், இரண்டு மூன்று நாளில் தோல் உரிதலும்தான் நமக்கு அடையாளம்.

எனவே, முதல் காப்பு உடையன்று, நேரம். இதற்குக் காசு வேண்டியதில்லை. உச்சிவெயில் பகல் பன்னிரண்டு மணிக்கு என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி முதல் நாளிலிருந்து கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. அதனால், இப்போது மேற்குக் கரையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்குத்தான். பதினொரு மணி முதல் மூன்றரை மணி வரை கடுமையான நேரம் என்று கொள்ளலாம். கடிகாரம் இல்லாவிட்டால் உங்கள் நிழலைப் பாருங்கள். உங்கள் உயரத்தைவிட நிழல் குட்டையாக இருந்தால், ஒதுங்க வேண்டிய நேரம் அது.

"நாங்கள் வெயிலைப் பார்த்தா போகிறோம்? நீர் ஏற்றத்தைப் பார்த்தல்லவா போகிறோம்" என்று தூண்டில்காரர்கள் சொல்வார்கள். அதற்கும் வழி உண்டு. மேற்குக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறி இறங்குகிறது. அந்த நேரம் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் அளவில் தள்ளிப்போகிறது. ஏழு நாளில் இது ஆறு மணி நேரத்தை நெருங்கிவிடும். ஆகவே, இந்த ஞாயிறு நண்பகலில் நீர் ஏறினால், அடுத்த ஞாயிறு காலை ஆறு மணி அளவிலும் மாலை ஆறு மணி அளவிலும் ஏறும். குடும்பத்தோடு போவதற்கு அந்த ஞாயிறே ஏற்றது. ஒரு வாரம் பொறுத்தால் மீனும் கிடைக்கும், வெயிலும் குறையும்.

இனி உடைக்கு வருவோம். களை எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துணியைக் கட்டி, அதன்மேல் தொப்பி வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். கடற்கரைக்கு இதைவிடச் சிறந்த உடை இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதற்காகக் கையில்லாத பனியனையும் அரைக்கால் சட்டையையும் தேடிப் போக வேண்டாம்.

துணியைத் தேர்ந்தெடுக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. துணியை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் எவ்வளவு தாராளமாக ஊடுருவுகிறதோ, அவ்வளவுக்கு வெயில் கதிரும் ஊடுருவும். நெருக்கமாக நெய்த துணி நல்லது. பலமுறை துவைத்து நைந்துபோன சட்டையும், மெல்லிய வாயில் சேலையும் அதிகம் காக்கா. ஒரே துணியில் வெள்ளையைவிட அடர்ந்த நிறம் அதிகமாகக் காக்கும். ஆனால் கறுப்பு சூட்டை இழுக்கும். ஆகவே நீலம், பச்சை போன்ற நிறங்களில், உடம்பைப் பிடிக்காமல் காற்று நுழையும்படி தொளதொளப்பான சட்டையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய வெள்ளைப் பருத்திப் பனியன் நனைந்தால் அதன் காப்பு இன்னும் குறைந்துவிடும். ஆதலால், மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வையுங்கள். தடித்த ஜீன்ஸ் காற்சட்டை நனைந்தால் கனத்து, நீரில் விழுந்தவரை இழுக்கும், அது வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தோட்டத்தில் மருந்து அடிக்கப் போட்ட சட்டையையும் தொப்பியையும் எக்காரணம் கொண்டும் கடற்கரைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். துவைத்தாலும் மருந்து துணியில் தங்கியிருக்கலாம். அந்த உடைகள் தனியாகவே இருக்கட்டும்.

தொப்பியைப் பொறுத்தவரை, முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பி காதையும் பிடரியையும் விட்டுவிடுகிறது. சுற்றிலும் நான்கு விரல் அகலத்துக்கு விளிம்புள்ள தொப்பி வேண்டும். மூங்கில் தொப்பி மிக நல்லது. சாதாரணத் தொப்பிதான் இருக்கிறது என்றால், துண்டைத் தலையில் போட்டுப் பிடரி மறையும்படி தொங்கவிட்டு, மேலே தொப்பியை வையுங்கள். காற்று அடிக்கும் இடமாகையால் தாடையில் ஒரு கயிறும் கட்டிக்கொள்ளுங்கள்.

வெயிலிலும் காற்றிலும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவர்களுக்குக் கண்ணின் வெள்ளை விழியில் சதை வளர்வதைப் பார்க்கிறோம். மீனவர்களிடம் இது அதிகம். கண்புரை விரைந்து வருவதற்கும் வெயில் ஒரு காரணம். கறுப்புக் கண்ணாடி வாங்கும்போது 'யூவி 400' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு நிறம் மட்டும் உள்ள விளையாட்டுக் கண்ணாடி, கண்மணியை விரியச் செய்து அதிகக் கதிரை உள்ளே விடும். அதைவிடக் கண்ணாடி இல்லாமல் அகன்ற தொப்பி வைப்பதே மேல்.

காலுக்கு என்ன போடுவது? சிலிப்பர் சேற்றில் புதைந்துவிடும். பாசி படிந்த கல்லில் வழுக்கும். முழங்கால் வரை உள்ள ரப்பர் பூட்ஸில் தண்ணீர் புகுந்தால் எழுந்திருக்க முடியாது. பால் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து, 'அடிடாஸ் கம்போங்' என்று வேடிக்கையாகச் சொல்வார்களே, அதுவே சேற்றுக்கும் கல்லுக்கும் பொருத்தமானது. விலையும் குறைவு. கெளுத்தியின் முள்ளும் திருக்கையின் முள்ளும் இந்தச் சப்பாத்தையும் துளைக்கக்கூடும். ஆகவே, சேற்றில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள். திருக்கை விலகிப் போய்விடும். முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்து வலியைத் தணித்து, மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உடை மறைக்காத இடங்களுக்குத்தான் வெயில் தடுப்புக் களிம்பு. முகம், காது, பிடரி, புறங்கை ஆகிய இடங்களுக்குப் பூசினால் போதும். ஒரு புட்டி பல நாள் வரும். 'எஸ்.பி.எஃப் 30' அல்லது அதற்கு மேல் குறிப்பிட்டிருக்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தேக்கரண்டி அளவு, வெயிலில் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசுங்கள். இரண்டு மணிக்கு ஒரு முறையும், வியர்த்துத் துடைத்த பிறகும் மறுபடி பூச வேண்டும். தேங்காயெண்ணெய் இதற்கு ஈடாகாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் களிம்பை நம்பக் கூடாது. நிழலில்தான் வைத்திருக்க வேண்டும். அதுவும் முடியாது என்றால், குழந்தையைப் பாட்டியிடம் விட்டுச் செல்வதே நலம்.

உடை எவ்வளவு நல்லதாயினும், குடிநீர் இல்லாவிட்டால் பயனில்லை. தாகம் வரும்வரை காத்திராமல் அடிக்கடி சிறிது சிறிதாகக் குடியுங்கள். மீன் கடிக்கிற மும்முரத்தில் பெரியவர்கள் மறப்பார்கள். விளையாட்டில் பிள்ளைகள் மறப்பார்கள். தாய்மார்கள் நினைவூட்ட வேண்டும். தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலில் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தித் தண்ணீர் கொடுங்கள். பேச்சுத் தடுமாறினாலோ, நினைவு தவறினாலோ அது உயிருக்கு ஆபத்து. வாயில் எதையும் ஊற்றாமல், 999 எண்ணை அழைத்துவிட்டு, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

பிற்பகலில் இடி முழங்கினால், மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு தூண்டிலோடு நிற்க வேண்டாம். கார்பன் தூண்டில் கோல் மின்சாரத்தைக் கடத்தும். கோலைக் கீழே வைத்துவிட்டு, கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ செல்லுங்கள்; தனிமரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே திரும்ப வேண்டும்.

நேயர்களே, நாம் சொன்னவற்றில் பாதிக்கு மேல் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. முழுக்கைச் சட்டையும், துண்டும், ரப்பர்ச் சப்பாத்தும் புதிதாக வாங்க வேண்டியவை அல்ல. சனிக்கிழமை இரவே அவற்றை எடுத்து வைத்து, நீர் ஏறும் நேரத்தையும் பார்த்துவிடுங்கள். மீன் கிடைப்பது கடலின் விருப்பம். போன பிள்ளைகள் நலமாக வீடு திரும்புவது நமது பொறுப்பு.