கொல்லைப்புறமா வாங்க!

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் முன்வாசல் சென்னை மாதவரத்தில் இருக்கிறது. துணைவேந்தர், பதிவாளர், கோப்பு, முத்திரை எல்லாம் அங்கே. நமக்கு அந்தப் பக்கம் வேலையில்லை. நாமக்கல்லில் பஸ் ஏறி, மோகனூர் சாலையில் லத்துவாடிக்கு ஒரு டிக்கெட் எடுங்கள். கொல்லைப்புறமாக நுழைந்துவிடலாம். எந்த வீட்டிலும் சுவாரசியமான சமாச்சாரமெல்லாம் கொல்லையில்தானே நடக்கிறது?

பல்கலைக்கழகத்தின் நாமக்கல் கல்லூரி இருப்பது அங்கேதான். ஊர்க்காரர்களுக்கு அது 'வெட்னரி காலேஜ்'. கேட் தாண்டியதும் முதலில் வரவேற்பது மூக்கை. சாணி, வைக்கோல், டெட்டால், கோழித் தீவனம் எல்லாம் கலந்த ஒரு வாசம். முதலாமாண்டுப் பிள்ளைகள் முதல் வாரம் முகம் சுளிப்பார்கள். இறுதியாண்டுக்காரர்களைக் கேளுங்கள், "என்ன வாசம்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

மாட்டுக் கொட்டகையிலிருந்து ஆரம்பிப்போம். இங்கே ஒரு சடங்கு உண்டு. அதைத் தாண்டாமல் யாரும் கால்நடை டாக்டராக முடியாது: சினை பார்ப்பது. தோள்பட்டை வரை இழுத்து மாட்டும் பிளாஸ்டிக் கையுறை, அதன்மேல் வழவழப்புக்கு ஒரு திரவம். அப்புறம் மாட்டின் ஆசனவாய் வழியாகக் கையை விட வேண்டியதுதான்! முதலில் கைக்குக் கிடைப்பது சாணி. அதை வழித்துப் போட்டுவிட்டு, குடல் சுவருக்குக் கீழே கர்ப்பப்பையைத் தடவித் தேட வேண்டும். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. மூளை முழுக்க விரல் நுனிக்கு இறங்கி வந்துவிடும். மாடு ஒரு முறை முக்கினால் கை மரத்துப் போகும். சில நிமிடங்கள் துழாவிவிட்டு "சார், ஒண்ணும் தட்டுப்படலையே" என்று உதட்டைப் பிதுக்கும் பிள்ளைதான் நாலு வருஷம் கழித்து, ஒன்றரை மாதச் சினையைக்கூட விரலால் சொல்லிவிடும். மாட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். சினை நிற்காததை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொன்னால், விவசாயிக்கு மாதக்கணக்கில் தீவனச் செலவு மிச்சம்.

பக்கத்தில் இன்னொரு கும்பல் மாட்டின் வாயைத் திறந்து பல் எண்ணிக்கொண்டிருக்கும். மேல்தாடையில் முன்பல்லே கிடையாது என்பது பட்டணத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய அதிர்ச்சி. "பல்லு கொட்டிப் போச்சா மேம்?" என்ற கேள்வி வருஷா வருஷம் வராமல் இருக்காது. கீழே எட்டு. ரெண்டு பல் மாற்றியிருந்தால் ரெண்டு வயசு வாக்கில். சந்தைத் தரகர் துண்டுக்குள் விரல் பேசுவதற்கு முன்னால் செய்கிற அதே சோதனை, இங்கே மார்க் போட்டு நடக்கிறது.

சரி, கோழிக்கு வருவோம். நாமக்கல்லுக்கு வந்துவிட்டுக் கோழியைப் பார்க்காமல் போனால் ஆஞ்சநேயரே கோபித்துக்கொள்வார். தினமும் கோடிக்கணக்கில் முட்டை லாரியேறும் ஊர் இது. சத்துணவுத் தட்டிலும் வளைகுடா நாட்டுக் கடைகளிலும் நாமக்கல் முட்டை இருக்கிறது. இந்த ஊரில் கால்நடைப் படிப்பு படிப்பது என்றால், பாடப்புத்தகம் கூண்டுக்குள் உட்கார்ந்து கொக்கரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

காலை நேரத்தில் பிரேதப் பரிசோதனைக் கூடத்துப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பண்ணைக்காரர் ஒருவர் பைக்கில் சாக்கு மூட்டையோடு வந்து இறங்குவார். உள்ளே நாலைந்து செத்த லேயர் கோழிகள். "ஏனுங் டாக்டரு, நேத்து பொழுது சாயற வரைக்கும் நல்லாத் தீனி எடுத்துச்சுங்க. காத்தால பாத்தா தலையத் தொங்கப்போட்டுட்டுக் கெடக்குதுங்க." இறகு பறக்காமலிருக்கக் கோழியை மருந்துத் தண்ணீரில் நனைத்து, மார்புக்கூட்டைத் திறந்து, உறுப்பு உறுப்பாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். சுற்றி நிற்கும் மாணவர்கள் கழுத்தை நீட்டுவார்கள். சுரப்பி இரைப்பையைப் பிளந்ததும் உள்சுவரில் குண்டூசி முனையளவு ரத்தப் புள்ளிகள். பின்வரிசையிலிருந்து ஒரு முணுமுணுப்பு: "ஆர்டி!" வெள்ளைக்கழிச்சலைத்தான் சொல்கிறார்கள். உலகம் அதை இங்கிலாந்தின் நியூகாசில் பெயரால் அழைக்கிறது. நாம் இமயமலை ஊரான ராணிக்கெட்டின் பெயரால் அழைக்கிறோம். ஆசிரியர் உடனே தலையாட்டிவிட மாட்டார். "புள்ளியப் பாத்ததும் கத்தாதே, வேற என்னெல்லாம் இருக்கலாம், சொல்லு" என்பார். மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகும். புறக்கடைக் கோழிகளுக்கு ஊசி குத்த ஆள் தேட வேண்டாம் என்று, தீனியாகவே கொடுக்கக்கூடிய குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியதும் இதே பல்கலைக்கழகம்தான்.

எனக்குப் பிடித்த மூலை தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம். பார்க்கச் சாதாரணம், மேசை முழுக்கப் பொட்டலம் பொட்டலமாக மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள். புரதம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த நச்சை நூறு கோடிப் பங்கில் எத்தனை பங்கு என்ற கணக்கில் அளக்கிறார்கள் என்றால் பாருங்கள்! காரணம் உண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. துப்புத் துலக்கியபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சு உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். இன்றைக்கு ஆத்தூர்ப் பக்கத்து மக்காச்சோளம் சரியாகக் காயாமல் மூட்டையேறினால், அதன் குட்டு உடைவது இந்த மாதிரி மேசையில்.

ஓடு மெலிந்த முட்டைக்கும் இங்கே பஞ்சாயத்து உண்டு. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம். அதில் ஓடு கட்ட மட்டுமே சுமார் 20 மணி. ஒரு நாளைக்கு இருப்பதோ 24 மணி! அதனால் கோழி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தி, ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளும். அலுவலகம் போகிற நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இத்தனைக்கும் வேர் எங்கே என்று கேட்டால், 1903. சென்னை வேப்பேரியில் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் 20 மாணவர்களோடு ஆரம்பித்தது மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, நாட்டிலேயே முதலில் கால்நடை மருத்துவப் பட்டம் கொடுத்த கல்லூரி ஆனது. பிறகு கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் குடையின்கீழ் கொஞ்ச காலம். அந்தக் குடைக்குள் இருந்தபோதுதான் 1985இல் நாமக்கல் கல்லூரி பிறந்தது. அப்போது நாமக்கல்லே சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1997இல். 1989 செப்டம்பர் 20இல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் வந்தது. இந்தியாவில் அந்த வகையில் முதலாவது அதுதான். 2012இல் திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகள் சேர்ந்தன. அப்புறம் உடுமலை, தேனி, சேலம்.

சேலம் என்றால் டவுன் என்று நினைத்து அஞ்சு ரோட்டில் இறங்கித் தேடாதீர்கள். கல்லூரி இருப்பது கிழக்கே ஆத்தூரையும் தாண்டி, தலைவாசல் கூட்டுரோடு பக்கம். ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பில், 2021இல் திறந்துவைத்த பிரம்மாண்டமான கால்நடைப் பூங்காவுக்குள். புதுக் கட்டடங்களின் பளபளப்பு அசத்தத்தான் செய்கிறது. ஆனாலும் என் ஓட்டு பொட்டனேரிக்கு. மேட்டூர் பக்கத்தில் இந்தப் பல்கலைக்கழகம் நடத்தும் அந்த ஆராய்ச்சி நிலையம் 1978 முதல் மேச்சேரிச் செம்மறியைக் கட்டிக் காக்கிறது. பழுப்பு நிறம், ரோமம் கம்மி, கறி பிரமாதம், தோலுக்குத் தனி மவுசு. விளம்பரமே இல்லாமல் ஓர் ஊரின் ஆட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்களே, அதற்குப் பொறுமை வேண்டாமா?

இப்போது வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவப் படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை! பிளஸ் டூ மதிப்பெண்தான். உயிரியல் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100. ஆக 200க்குக் கட்-ஆஃப். தேர்வு முடிவு வந்த பிறகு பல்கலைக்கழக இணையதளத்தில் விண்ணப்பம், தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு என்று வரிசையாக வரும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனி. தொழிற்பிரிவில் படித்தவர்களுக்கும் கொஞ்சம் இடம் உண்டு. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்கு மட்டும் நீட் மதிப்பெண் கேட்பார்கள். படிப்பு நாலரை வருஷம், அதற்குமேல் ஒரு வருஷம் உள்ளிருப்புப் பயிற்சி, மொத்தம் ஐந்தரை. கணக்குப் பிடித்தவர்கள் மனம் தளர வேண்டாம். உணவு, பால், கோழியினத் தொழில்நுட்பம் என்று பி.டெக். படிப்புகளும் இருக்கின்றன. கோழிக்கென்றே உள்ள கல்லூரி நாமக்கல்லில் இல்லை, ஓசூரில் இருக்கிறது என்பது ஊர்க்காரர்களுக்குச் சின்ன வருத்தம்.

மனித டாக்டர் இடம் கிடைக்காததால் இங்கே வந்து சேர்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. இரண்டாவது கலந்தாய்வில் எம்.பி.பி.எஸ். கிடைத்துப் பெட்டியைக் கட்டுகிறவர்களும் உண்டு. அப்படிக் காலியாகும் இடத்துக்காகக் காத்திருப்புப் பட்டியலில் ஒரு கூட்டம் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும். ஆகவே முதல் பட்டியலில் பெயர் இல்லையென்று அழுதுவிடாதீர்கள். விண்ணப்பத்தில் மார்க் கேட்பார்கள், சாதிச் சான்றிதழ் கேட்பார்கள், போட்டோ கேட்பார்கள். மாடு உதைத்தால் தாங்குவாயா என்று மட்டும் கேட்பதில்லை. தைரியமாகப் போடச் சொல்லுங்கள்!